நானூற்றெட்டுக் கட்டில்கள்

காணாமல் போன நானூற்றெட்டு இரும்புக் கட்டில்கள் எங்கே என்று கேட்டு, முதலாம் எண் மருத்துவமனையின் தலைமைச் செவிலிக்கு ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் பணிநீக்கம்.

செவிலி அதை நான்காக மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போட வேண்டிய ஊசிகளையெல்லாம் போட்டு முடித்தாள். சாயங்காலம் பேருந்து பிடித்துத் தம்பியின் வீட்டுக்குப் போனாள்.

தம்பி சுகாதாரப் புள்ளிவிவர அலுவலகத்தில் எழுத்தராக இருந்தான். தனியாள். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் ஏன் தள்ளிப் போகிறது என்று கேட்பாரும் இல்லாமல் போயிருந்தது. இரண்டாம் மாடியில் ஒரே அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில், அலுவலகம் பரிசாகக் கொடுத்த ஒரு சுவர்க்கடிகாரம். அக்கா வந்தால் நாற்காலி அவளுக்கு, கட்டில் அவனுக்கு. அத்தான் உயிரோடு இருந்தபோது அத்தானும் கட்டிலில்தான் உட்காருவார்.

"படி," என்று அக்கா நோட்டீஸை நீட்டினாள்.

படித்தான். பதிவேட்டின்படி அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள். நேரில் எண்ணியபோது இருநூற்று நான்கு. பொறுப்பேற்ற நாளில் தளவாடப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் தலைமைச் செவிலி. வாசகங்களை அவன் இரண்டு முறை படித்தான். எண்களை ஒரு முறைதான் பார்த்தான். அவை ஏற்கனவே பழக்கமானவை.

"நானூத்தெட்டு கட்டிலு," என்றாள் அக்கா. "ஒண்ணு நாப்பது கிலோ. தெனம் ஒண்ணா சாப்பாட்டுப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிருப்பேன்னு நெனைக்கிறாங்க போல."

"அப்படியா கேட்டாங்க?"

"கேக்கறது என்ன, விசாரணை அதிகாரி நோட்டீஸுக்கு முன்னாடியே, சனிக்கிழமை, வீட்டுக்கே வந்துட்டாருடா. நல்ல மனுஷன், பாவம். ரெண்டு ரூமையும் டேப் வெச்சு அளந்தாரு. என் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தாரு. கட்டிலுக்கு அடியில கட்டில் இருக்குமா சார்னு கேட்டேன். எழுதிக்கிட்டாரு."

"என்னன்னு?"

"கட்டிலுக்கு அடியில் கட்டில் இல்லைன்னு."

தம்பி சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. கடிகாரம் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ அந்த ஆபீஸ்லதான இருக்க," என்றாள் அவள். "இந்த அறுநூத்திப் பன்னெண்டு எங்கேருந்து வந்துதுன்னு மட்டும் தேடிச் சொல்லு. எவனோ ஒருத்தன் எழுதியிருப்பான்ல? அவன் யாருன்னு தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சா?"

"மிச்சத்த நான் பார்த்துக்கறேன். முப்பது வருஷமா ஊசி போடுற கை இது."

தேடிப் பார்க்கிறேன் என்றான். அவள் படியிறங்கிப் போனதும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தான். தேடுவதற்கு ஒன்றுமில்லை. எழுதியவன் அவன்தான்.

*

பதினோரு வருடங்களுக்கு முன், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பெரிய நோய் ஒன்று வந்தால் தாங்குவதற்கு ஒவ்வொரு நாடும் எவ்வளவு தயார் என்று அளக்கும் படிவம். மருத்துவர் எத்தனை, செவிலியர் எத்தனை, கட்டில் எத்தனை. ஒன்பது நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். மருத்துவமனைகளுக்குக் கடிதம் போட்டால் பதில் வர ஒன்பது மாதம் ஆகும், அதுவும் வந்தால்.

அப்போது அக்கா சாதாரண வார்டு செவிலி. அவளிடம் கேட்டான்: "உங்க ஆஸ்பத்திரியில எந்த ரிஜிஸ்டரை நம்பலாம்?"

"சலவை ரிஜிஸ்டர்," என்றாள் யோசிக்காமல். "மத்ததெல்லாம் யாராவது கேட்டா எழுதறது. அது ஒண்ணுதான் தெனம் எழுதறது. ஒரு பெட்ஷீட் கொறைஞ்சா சலவைக்கூடத்து ஆளு ஆஸ்பத்திரியவே தலைகீழாக் கவுத்துருவாரு."

ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்புகள். ஒன்று கட்டிலின் மேல், ஒன்று தண்ணீரில், ஒன்று கொடியில். நாடு முழுக்க அதுதான் விதி. விரிப்புகளை மூன்றால் வகுத்தால் கட்டில். அவனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் எல்லா மருத்துவமனைகளின் சலவைக்கூடங்களையும் தொலைபேசியில் பிடித்தான். மணி ஒரு முறை அடிப்பதற்குள் எடுத்தார்கள். சலவைக்கூடத்தை யாரும் கூப்பிடுவதில்லை என்பதால், கூப்பிட்டவனிடம் வானிலை எப்படி என்றுகூட விசாரித்தார்கள்.

அட்டவணை தயாரானது. ஏழாம் பத்தியில் விரிப்புகள். எட்டாம் பத்தியில் அதை மூன்றால் வகுத்து வந்த கட்டில்கள். அப்படியொரு சுத்தமான கணக்கு அந்த அலுவலகத்தில் அதுவரை போடப்பட்டதில்லை. தபால் நான்கு மணிக்கு. மூன்றே முக்காலுக்கு அப்போதைய இயக்குநர் அட்டவணையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துக்குள்ள அடங்கலையேப்பா. ஒரு பத்தியத் தூக்கிடு."

தூக்கினான். விரிப்பைத் தூக்கிவிட்டுக் கட்டிலை விட்டிருக்க வேண்டும். கட்டிலைத் தூக்கிவிட்டு, மிஞ்சிய பத்தியின் தலையில் 'கட்டில்கள்' என்று தட்டச்சு செய்தான்.

நான்கு நாள் கழித்து மொட்டை மாடியில் தன் விரிப்பைக் காயப் போட்டபோதுதான் உறைத்தது. கொடியில் ஒரு விரிப்பு. கீழே அறையில் ஒரு கட்டில். ஒன்றுக்கு ஒன்று. ஈரக் கையோடு அலுவலகத்துக்குப் போய் ஒரு திருத்தக் கடிதம் எழுதினான். இயக்குநர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் உலகப் பட்டியல் வந்துவிட்டது. கட்டில் வசதியில் நாடு மூன்றாம் இடம்.

பத்திரிகைகள் எழுதின. அந்த எண்களே ஒவ்வொரு மருத்துவமனையின் பதிவேட்டிலும் ஏறின. இயக்குநருக்குப் பதவி உயர்வு. பிரிவு உபசார விழாவில் அவர் எல்லார் முன்னிலையிலும் எழுத்தரைக் கட்டிப்பிடித்து, சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. இரண்டு கையிலும் கடிகாரம் இருந்தது.

அதற்குப் பிறகு வருடா வருடம் அதே படிவம் வந்தது. வருடா வருடம் கட்டில் பத்தியில் 'மாற்றமில்லை' என்று முத்திரை குத்தினான். அலுவலகத்தில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. "மாற்றமில்லை சார், அந்தக் கோப்பைக் கொஞ்சம் எடுங்க." "மாற்றமில்லை இன்னிக்கு லீவா?" அவனும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான்.

யாருக்குமே தெரியாமல் போனது எப்படி என்று கேட்கலாம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று பார்த்தபோது, வரப்போகிற புதுக் கட்டடத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டிலுக்கு என்று கேட்ட தலையணை இருநூறுதான் வந்தது. கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு வருவது எல்லாத் துறையிலும் உள்ளதுதான் என்பதால் கணக்கு எங்குமே இடிக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடித்தது. புதிய கட்டில் கேட்டுப் போன விண்ணப்பங்கள் எல்லாம், 'தேவைக்கு மேல் உள்ளது' என்று பதினோரு வருடமாகத் திரும்பி வந்தன. வராத கட்டில்களுக்குச் செவிலியரும் வரவில்லை.

*

பிறகு நோய் வந்தது.

நகரத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறை திறந்தார்கள். எங்கே கட்டில் காலி என்று அதற்குப் போன் செய்து கேட்கலாம். அங்கே ஒரு பெரிய திரை. மருத்துவமனையில் மொத்தம் எத்தனை கட்டில் என்று பதிவேட்டிலிருந்து எடுத்து, உள்ளே இருக்கும் நோயாளிகளைக் கழித்து, மிச்சத்தைப் பச்சை எழுத்தில் காட்டும். முதலாம் எண் மருத்துவமனையில் இருநூற்று நான்கு பேர் படுத்த பிறகும் திரை சளைக்காமல் சொன்னது: காலி, நானூற்றெட்டு. நகரத்து ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அங்கே போய் வரிசையில் நின்றன.

அத்தான் பேருந்து ஓட்டுநர். காய்ச்சல் என்றால் ஓட்டுநருக்கு மூன்று நாள் விடுப்பு உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். சான்று வாங்க முதலாம் எண் மருத்துவமனையின் வரிசையில் ஒரு நாள் நிற்க வேண்டும். அதனால் அத்தான் காய்ச்சலோடு ஐந்து நாள் பேருந்து ஓட்டினார். ஆறாம் நாள் மனைவி வேலை பார்க்கும் வார்டின் வாசலில் வந்து நின்றார். கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஓட்டுநர் என்பதால் உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்திருந்தது. அப்படியே நான்கு நாள்.

மூன்றாம் நாள் தம்பி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தான். வேறு எங்காவது இடம் உண்டா என்று கேட்டான்.

"எங்க இருக்காரு இப்ப?" என்றது ஒரு பெண் குரல். சொன்னான். "வேற எங்கயும் அலைய வேணாம் சார். அங்கயே நானூத்தெட்டு காலியா இருக்கு. நல்ல எடம்."

தன் எண்ணைத் தனக்கே யாரோ படித்துக்காட்டக் கேட்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லிப் போனை வைத்தான். மறுநாள் அத்தான் நாற்காலியில் இறந்தார்.

அது நடந்து இரண்டு வருடம் கழித்து ஒரு தணிக்கைக் குழு வந்து கட்டில்களை எண்ணிற்று. எல்லா மருத்துவமனையிலும் எண்ணப் போகிறார்கள். முதலாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

*

நோட்டீஸ் வந்த அதே வாரம், புதன்கிழமை, அயல்நாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் அலுவலகத்துக்கு வந்தார். நடுத்தர வயதுப் பெண். மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர், செய்தி வாசிப்பது மாதிரி பேசினார். இப்போதைய இயக்குநர் அவரைத் தம்பியின் மேசைக்கே அழைத்து வந்தார்.

"மேடத்த நல்லா பார்த்துக்கோ மாற்றமில்லை. அவங்க புத்தகத்துல நம்ம நாடு வருது. தனி அத்தியாயம்."

ஆய்வாளர் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கிடைக்கோட்டில், பத்தாயிரம் பேருக்கு எத்தனை கட்டில். செங்குத்தில், லட்சம் பேரில் எத்தனை பேர் நோயில் இறந்தார்கள். ஒவ்வொரு நாடும் ஒரு புள்ளி. கட்டில் கூடக் கூடச் சாவு குறைந்துகொண்டே போனது. புள்ளிகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் இறங்கும் ஒரு கோட்டை ஒட்டி நின்றன. ஒரே ஒரு புள்ளி மட்டும் வலது மேல் மூலையில், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தது போல் தனியாக நின்றது.

"இது தாங்கள்தான்," என்றார் ஆய்வாளர்.

தம்பி அந்தப் புள்ளியைப் பார்த்தான். எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது.

"இவ்வளவு கட்டில்கள் உள்ள நாட்டில் இவ்வளவு மரணங்கள் ஏன் என்று எவராலும் விளக்க இயலவில்லை. மக்களின் வயது, உடல் எடை, காற்றின் தூய்மை, அரசின் மீதுள்ள நம்பிக்கை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு, அனைத்தையும் சோதித்துவிட்டேன். விடுப்பு சற்று உதவுகிறது. ஆயினும் புள்ளி அசைய மறுக்கிறது. இரண்டு ஆண்டுகளாக இப்புள்ளியுடன்தான் வாழ்கிறேன்." பென்சிலை எடுத்தார். "எனவே பண்பாட்டுக் காரணம் ஏதேனும் இருக்க வேண்டும். தங்கள் மக்களுக்குப் படுத்துக்கொள்வதில் தயக்கம் உண்டா?"

"இல்ல மேடம். எடம் கெடைச்சா படுத்துருவோம்."

அதையும் எழுதிக்கொண்டார். அத்தியாயத்தின் தலைப்பு ஏற்கனவே தயாராக இருந்தது: கட்டிலை ஏற்காத மக்கள்.

அடுத்த ஒன்றரை வாரத்தில், உண்மையைச் சொல்ல அவனுக்கு மூன்று நல்ல சந்தர்ப்பங்கள் வாய்த்தன. மூன்று முறையும் எழுந்து தேநீர் கொண்டுவரப் போனான். ஆய்வாளர் அந்த நாட்டு மக்களின் தேநீர்ப் பழக்கம் பற்றி ஓர் அடிக்குறிப்பு எழுதினார். அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்தாள்.

"கண்டுபிடிச்சியா?"

"பழைய கோப்புக்கா. தேடிட்டிருக்கேன்."

"இன்னும் அஞ்சு நாள்தாண்டா இருக்கு."

"தெரியும்க்கா."

"வேலை போனா போகுது. கட்டில் திருடின்னு எழுதி வெப்பாங்க பாரு, அதான். அவரு நாற்காலியில செத்தாரு. வார்டுல இருந்தவங்க எல்லாம் பார்த்தாங்க. இவ கட்டில ஒளிச்சு வெச்சுட்டுப் புருஷன நாற்காலியில உக்கார வெச்சான்னு ஆயிடும்."

பன்னிரண்டாம் நாள், கட்டிலில் படுக்காத மக்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார் ஆய்வாளர். இயக்குநர் கார் கொடுத்தார். முதலாம் எண்தான் பக்கம் என்று ஓட்டுநர் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

*

அக்கா அவர்களை வார்டு வார்டாகக் கூட்டிப்போனாள். கட்டில்கள் சுவரோடு சுவராக, இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றன. ஒவ்வொன்றின் காலிலும் வெள்ளைச் சாயத்தில் எண். ஆய்வாளர் எண்ணிக்கொண்டே வந்தார். இருநூற்று நான்கோடு எண் தீர்ந்துபோனது.

"மீதி நானூற்றெட்டு எங்கே?"

"அதத்தாங்க என்கிட்டயும் கேக்கறாங்க," என்றாள் அக்கா. "உங்களுக்குத் தெரிஞ்சா திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க."

தாழ்வாரத்தின் திருப்பத்தில் கைப்பிடி உடைந்த ஒரு மர நாற்காலி. அக்கா அதன் முதுகில் கை வைத்தாள். "இதுல என் வீட்டுக்காரர் நாலு நாள் உக்காந்திருந்தாரு."

ஆய்வாளரின் பென்சில் தயாரானது. "அவர் கட்டிலை மறுத்துவிட்டாரா?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "மறுக்கணும்னா யாராவது மொதல்ல குடுக்கணும்ல."

பென்சில் நின்றது. ஆய்வாளர் முதல் முறையாக எதையும் எழுதவில்லை.

கடைசியாகச் சலவைக்கூடம். இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சலவைக்கூடக்காரர் கனத்த உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்தார். வெளிநாட்டு விருந்தாளி என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பதிவேட்டை எடுத்து வந்தார்.

"ஆஸ்பத்திரியில எது வேணா காணாமப் போவும் மேடம். எங்கிட்ட மட்டும் போவாது. அந்த நோய் வந்தப்பக் கூட ஒரு பெட்ஷீட் கொறையல. அறுநூத்திப் பன்னெண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்ன கூட ஒரு தம்பி போன் பண்ணிக் கேட்டுச்சு. அன்னிக்கும் அறுநூத்திப் பன்னெண்டுதான்."

"எத்தனை?" என்றாள் அக்கா.

"அறுநூத்திப் பன்னெண்டு சிஸ்டர். கட்டிலுக்கு மூணு. மேல ஒண்ணு, தண்ணியில ஒண்ணு, கொடியில ஒண்ணு."

ஆய்வாளர் 'விரிப்புகள் 612' என்று எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அக்கா சலவைக்காரரைப் பார்க்கவில்லை, பதிவேட்டையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். தேநீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லச் சலவைக்கூடத்தில் வழியில்லை. இருப்பதெல்லாம் சோப்புத் தண்ணீர்.

"மூணால வகுக்கணும்," என்றான். இயந்திரச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காததால் இன்னொரு முறை சொன்னான். "மூணால வகுக்கணும்க்கா. நான் வகுத்தேன். வகுத்த பத்தியத்தான் வெட்டிட்டேன். பக்கம் பத்தல."

"எப்ப தெரியும்?"

"அனுப்பி நாலு நாள்ல தெரியும்."

"அவரு அந்த நாற்காலியில உக்காந்திருந்தப்ப?"

"தெரியும்."

அக்கா காய்ந்த துணிகள் கிடந்த தொட்டியிலிருந்து ஒரு விரிப்பை உருவி, அதன் இரண்டு முனைகளை அவனிடம் நீட்டினாள். "புடி."

பிடித்தான். சின்ன வயதில் வீட்டு விரிப்புகளை இருவரும் இப்படித்தான் மடிப்பார்கள். நீளவாட்டில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அவள் நடந்து வந்தாள். அவனும் நடந்தான். முகத்துக்கு முகம் வந்ததும் அவன் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"எழுதிக் குடுங்க சார்," என்றாள். "இன்னிக்கே."

பிறந்ததிலிருந்து அவனை வாடா போடா என்று கூப்பிட்டவள். ஊசி இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் ஆய்வாளர். "எதை மூன்றால் வகுக்க வேண்டும்?" சலவைக்காரர் அவருக்கு விளக்கினார். விளக்கி முடிந்ததும் ஆய்வாளர் மெல்ல அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

*

இயக்குநர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பதினோரு வருடத்தில் பழுப்பேறிய தாள். தேதியை மட்டும் அடித்துப் புதுத் தேதி போட்டிருந்தான்.

"இதக் குடுத்தா உனக்கு என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியலையே. இதுக்குன்னு ஒரு படிவமே இல்ல." நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "மூணாவது எடத்துலேருந்து எத்தனாவது எடத்துக்குப் போவோம்?"

"தொண்ணூத்தி ஏழு சார்."

"மாற்றமில்லை, மாற்றமில்லைன்னு சொல்லியே கவுத்திட்டியேப்பா," என்றார் இயக்குநர், கோபமில்லாமல்.

அலுவலகம் முதற்கட்ட நடவடிக்கையாகச் சுவர்க்கடிகாரத்தைத் திரும்பப் பெற்றது. அவனுடைய பெயரில் ஒரு விசாரணை தொடங்கியது. அக்காவின் மீதான விசாரணை பதினைந்தாம் நாள் முடிந்தது. உத்தரவில் இப்படி இருந்தது: 'மேற்படி நானூற்றெட்டுக் கட்டில்கள் எக்காலத்திலும் இருந்திராத காரணத்தால் அவை காணாமல் போகவில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது.' அதை அவள் செவிலியர் அறையில் சுவரில் ஒட்டி வைத்தாள்.

ஊருக்குத் திரும்புமுன் ஆய்வாளர் அந்த அறைக்கு வந்தார். தம்பியும் வாசலோரம் நின்றான். உள்ளே வரச் சொல்லி அவனை யாரும் கூப்பிடவில்லை. ஆய்வாளர் படத்தைத் திறந்து, புதிய எண்ணைத் தட்டினார். மூலையில் நின்ற புள்ளி மளமளவென்று இடது பக்கம் நகர்ந்து, மற்றப் புள்ளிகளின் கூட்டத்துக்குள் புகுந்து, கோட்டின் மேல் அமர்ந்தது. பக்கத்தில் என்று சொல்ல முடியாது, கோட்டின் மேலேயே.

"தங்கள் நாடு இனி ஒரு விதிவிலக்கு அல்ல," என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"அப்டின்னா எல்லாரையும் மாதிரிதான் நாங்களும் செத்தோமா?"

"ஆம். இத்தனை கட்டில்கள் உள்ள ஒரு நாட்டில் எத்தனை பேர் இறப்பார்களோ, ஏறக்குறைய அத்தனை பேர்."

அக்கா திரையை நெருங்கிக் குனிந்தாள். "அந்த அறுநூத்திப் பன்னெண்டு நெஜமாவே இருந்திருந்தா?"

ஆய்வாளர் அம்புக்குறியைக் கோட்டோடு வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கோடு இறங்கிக்கொண்டே போனது. புள்ளி முன்பு நின்ற இடத்துக்கு நேர் கீழே வந்ததும் நிறுத்தினார். மேலே புள்ளி இருந்த இடத்துக்கும் கீழே கோட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி, அரை விரல் உயரம்.

"உறுதியாகக் கூற இயலாது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் இந்த இடைவெளி."

அக்கா அந்த வெள்ளையையே பார்த்தாள். "அதுல ஒருத்தர் பஸ் ஓட்டுவாரு," என்றாள்.

ஆய்வாளர் கணினியை மூடினார். அத்தியாயத்தை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். தேநீர் பற்றிய அடிக்குறிப்பு மட்டும் இருக்கலாமா என்று வாசலில் நின்றவனைக் கேட்டார். அதுவும் சரியில்லை என்றான் அவன்.

*

விசாரணை முடியும்வரை அவனை என்ன செய்வது என்று யோசித்து, நாட்டிலுள்ள எல்லாக் கட்டில்களையும் நேரில் போய் எண்ணச் சொன்னார் இயக்குநர். கையால் தொட்டு எண்ண வேண்டும். சலவைக்கூடங்களுக்குப் போன் செய்யக் கூடாது.

முதலாம் எண்ணில் தொடங்கினான். படிவத்தை அட்டையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலின் காலையும் தொட்டான். இரும்பு குளிர்ந்திருந்தது. சில நோயாளிகள், டாக்டர் என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். அக்கா தன் வேலையைப் பார்த்தபடியே கூட வந்தாள்.

"எண்ண வந்த சார், பன்னெண்டுல கால் ஆடும். பார்த்து."

"பார்த்துட்டேன்க்கா."

"நூத்தி நாப்பதுல ஆளு தூங்கறாரு. எழுப்பிடாதீங்க."

இருநூற்று நான்கில் மதியமாகிவிட்டது. பத்தியில் எண்ணை எழுதி, கீழே கோடு இழுத்து, கையெழுத்துப் போடப் போனான். தாழ்வாரத்தின் திருப்பத்தில் நின்றுவிட்டான். அக்காவும் நின்றாள். கைப்பிடி உடைந்த நாற்காலியில் ஒரு வயதானவர் ஒரு கையில் சீட்டும் மறு கையில் குளுக்கோஸ் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். வேறு நோய்தான். கட்டில் காலியாவதற்காகக் காத்திருந்தார்.

தம்பி படிவத்தைப் பார்த்தான். கட்டில்கள், சக்கரக் கட்டில்கள், தொட்டில்கள். ஓரம்வரை பத்திகள்.

"இதுக்குப் பத்தி இல்லக்கா," என்றான்.

அவள் பாட்டிலைப் பெரியவர் கையிலிருந்து வாங்கி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். செவிலியர் அறை எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். போய் ஒரு வெள்ளைத்தாளும் பசையும் எடுத்து வந்தான். தாளைக் கிழித்து, படிவத்தின் வலது ஓரத்தில் வைத்து ஒட்டி, காய்வதற்காக ஊதினான். ஒட்டிய துண்டு அட்டைக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இனி இது எந்தக் கோப்பிலும் அடங்காது. மேலே என்ன தலைப்புக் கொடுப்பது என்று பேனாவோடு நின்றான்.

"நாற்காலின்னு எழுதுடா," என்றாள் அக்கா.

எழுதினான். அதன் கீழே ஒன்று என்று போட்டான்.